ஐஸ் மீன்பிடியில் துளை மூடாமல், சாமான் உறையாமல் இருக்க

மைனஸ் 20 பாகைக் குளிரில் காற்றும் கொஞ்சம் வீசினால், உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போட்டுத் திறந்து கிடக்கும் துளையில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை சென்ரிமீற்றர் ஐஸ் கட்டும். முதல் ஏடு சில நிமிடங்களிலேயே படிந்துவிடும். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற சிம்கோ ஏரியில் ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் விடியற்காலைகள் பல இப்படித்தான் இருக்கும். அரை சென்ரிமீற்றர் பெரிதாகத் தோன்றாது. ஆனால் தங்கூசி நூல் அதற்குள் அகப்பட்டால் மீன் கொத்துவது தடிக்குத் தெரியாது, பலமாக இழுத்தால் நூல் அறும்.

ஐஸை ஒட்டியிருக்கும் தண்ணீர் 0 பாகை. ஆழம் போகப் போக அது 4 பாகை வரை ஏறலாம், ஏனென்றால் தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் கனம். அது அடிக்கு இறங்கிவிடும். ஆக வெப்பம் கீழே இருக்கிறது, மேலே இருக்கிற காற்று அதைப் பறித்துக்கொண்டு போகிறது. செய்ய வேண்டியவை மூன்று: காற்றை மறிக்க வேண்டும், கீழேயுள்ள வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும், துளைக்கு வெளியே உள்ள எதையும் நனைய விடக்கூடாது. சாமானைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் முக்கால்வாசி வேலை. காய்ந்த றீல் (தடியில் நூல் சுற்றும் சக்கரம்) மைனஸ் 25இலும் சுற்றும். நனைந்த றீல் மைனஸ் 5இலேயே இறுகிப்போகும்.

இதெல்லாம் ஐஸ் தாங்கினால்தான். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு, தனியாக நடக்க 15 செ.மீ., கூட்டமாக என்றால் 20 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. இது தெளிந்த நீல ஐஸுக்கான கணக்கு. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான், அதனால் இரண்டு மடங்கு பாருங்கள்.

துளை போடும்போதே

பேர்ச் மீனுக்கு 15 செ.மீ. துளை போதும். லேக் டிரவுட், வைட்ஃபிஷ் என்றால் 20 செ.மீ. வேண்டும், பெரிய பைக் மீன் எதிர்பார்த்தால் 25 செ.மீ. துளை மேலே மட்டும் மூடிக்கொண்டு வருவதில்லை, நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரும் உள்பக்கமாக வளரும். காலையில் தாராளமாக இருந்த துளை பின்னேரம் ஒடுங்கியிருக்கும்; மீனின் தலை அதன் விளிம்பில் முட்டும், தூண்டில் முள் கழரும். ஆகவே கடுங்குளிர் நாளில் ஓர் அளவு பெரிதாகவே போடுங்கள். இடையிடையே அலவாங்கால் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி, விழும் சில்லுகளை அள்ளிவிடுங்கள்.

ஓகர் (ஐஸில் துளை போடும் திருகு) அடியைத் துளைத்ததும் அதைச் சுழல விட்டபடியே ஒரே இழுப்பில் மேலே தூக்க வேண்டும். உள்ளே கிடக்கும் ஐஸ் தூளும் ஸ்லஷும் (தண்ணீர் கலந்த ஐஸ் கூழ்) தண்ணீரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். வந்த ஈரத் தூளை அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் துளையைச் சுற்றிக் கல்வரம்பாக இறுகும். அதில் உரசித் தங்கூசி தேயும், சப்பாத்து ஒட்டும், தடியும் ஒட்டும். உடனேயே சவளால் 30 செ.மீ. தள்ளி, காற்று வருகிற பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். சிம்கோவில் குளிர் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். அந்தச் சின்ன அணை இருந்தாலே துளையில் படியும் ஐஸைக் கரண்டியால் அரித்து அள்ளுகிற வேலை நன்றாகக் குறையும்.

பலரும் கவனிக்காதது நீர்மட்டம். ஐஸ் மிதக்கும்போது அதன் கனத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே நிற்கும். 30 செ.மீ. ஐஸில் துளை போட்டால் தண்ணீர் விளிம்புக்கு 2.5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அதன்மேல் 10 செ.மீ. அமுங்கிய பனி கிடந்தாலே பாரத்தில் ஐஸ் தாழ்ந்து தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். அதற்கு மேலும் பனி கிடந்தால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி ஐஸ் மேல் பரவும். சாமான் நனைவதற்கு முதல் காரணம் இதுதான். இப்படி ஏறுகிற இடத்தில் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று சுற்றிவரப் பனியை வழித்தால் நிலைமை மோசமாகும். வழித்த பள்ளத்துக்குள்தான் தண்ணீர் தேங்கும். ஒரு சோதனைத் துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் விளிம்பைத் தாண்டினால் காற்று வழித்துவிட்ட, பனி குறைந்த வேறு இடத்துக்கு மாறுவது நல்லது. மாற முடியாவிட்டால் பனியை வழிக்காமல் மிதித்து இறுக்கி, அந்த மேட்டின் மேல் சாமானை வையுங்கள்.

திறந்தபடி வைத்திருப்பது

துளையை அரிக்கிற கரண்டி, வடை பொரித்து அள்ளுகிற கண்ணறைக் கரண்டி மாதிரித்தான், காம்பு மட்டும் நீளம். மைனஸ் 10இல் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரித்தால் போதும். மைனஸ் 20இல் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தேவைப்படும். ஏடு மெல்லியதாக இருக்கும்போதே உடைத்து அள்ளி, தண்ணீர் வடிய ஒரு கணம் சாய்த்துப் பிடித்து, காற்றுப் போகும் பக்கமாக எட்ட உதறுங்கள். கரண்டியின் கண்கள் அடைத்தால் ஐஸில் அடிக்க வேண்டாம். குளிரில் பிளாஸ்டிக் கரண்டி வெடிக்கும், உலோகம் நெளியும். துளைத் தண்ணீருக்குள் அரை நிமிடம் அமிழ்த்திப் பிடித்தால் இளகிவிடும்.

ஆனால் கரண்டியை மட்டும் நம்புகிறவர் நாள் முழுக்கக் கரண்டியோடுதான் நிற்பார். ஒவ்வொரு தடவை அரிக்கும்போதும் புதுத் தண்ணீர் காற்றுக்குத் திறக்கிறது. மூடி போடுவது இதைவிட எவ்வளவோ மேல்.

மூடிக்கு ஏற்றது கட்டட வேலைக்கு விற்கிற இளஞ்சிவப்பு அல்லது நீல நிறக் காப்புப் பலகை, 5 செ.மீ. கனம். 20 செ.மீ. துளைக்கு 35 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். நடுவில் 3 செ.மீ. வட்டத் துளை, ஓரத்திலிருந்து அந்த வட்டம் வரை 1 செ.மீ. அகலத்தில் ஒரு கீற்று. தங்கூசி கீற்று வழியாக உள்ளே போய் நடுவில் தொங்கும். மீன் அகப்பட்டதும் மூடியைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் பனியை அள்ளிப் போடுங்கள். பெட்டிகளில் வருகிற வெள்ளை ரெஜிபோம் வேண்டாம், மணிமணியாக உதிர்ந்து ஏரிக்குள் போகும். வேறு கிடைக்காவிட்டால் முழுவதையும் டக்ட் டேப்பால் சுற்றிப் பாவியுங்கள்.

நூலை அசைக்காமல் விடுகிற துளைக்கு இன்னும் சுலபமான வழி பனியேதான். காய்ந்த, இளகிய பனியை 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குத் துளைமேல் கொட்டுங்கள். அடிப்பகுதி நனைந்து ஸ்லஷாகும், மேற்பகுதி காற்றுப் பைகளோடு காய்ந்தே இருக்கும், அதுதான் போர்வை. இரண்டு மணித்தியாலம் கழித்தும் கையால் அள்ளக்கூடிய பதத்தில் இருக்கும். தடியை ஆட்டி ஆட்டிப் பிடிப்பவர்களுக்கு இது சரிவராது, ஸ்லஷ் நூலில் ஒட்டிக்கொண்டே மேலே வரும்.

கூடாரத்துக்குள் அல்லது குடிலுக்குள் என்றால் இரை மீனுக்குக் காற்று ஊதுகிற சின்ன பற்றறிப் பம்பைப் பயன்படுத்தலாம். காற்றுக்கல்லை ஐஸின் அடியிலிருந்து ஒரு மீற்றர் கீழே இறக்குங்கள். எழும் குமிழிகள் கீழ்த் தண்ணீரை மேலே கொண்டுவரும். ஐஸுக்கு நேர் கீழேயே கல்லை வைத்தால் 0 பாகைத் தண்ணீரைத்தான் கலக்கிக்கொண்டிருப்பீர்கள், பயன் குறைவு. குழாய் எங்கும் தொய்யக்கூடாது. தொய்ந்த இடத்தில் ஈரம் தேங்கி உறைந்தால் காற்றோட்டம் நின்றுவிடும்.

சுடுநீரால் துளையைத் திறக்கப் பார்ப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 80 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர், வெப்பம் எங்கும் வீணாகாவிட்டாலும், ஒரு கிலோ ஐஸைத்தான் உருக்கும். 20 செ.மீ. துளையில் 3 செ.மீ. கட்டியிருந்தால் ஒரு போத்தல் அதோடு சரி. அதைத் தேத்தண்ணீருக்கே வைத்துக்கொண்டு, கொஞ்சத்தை மட்டும் உறைந்த நூலுக்கும் பூட்டுக்கும் ஊற்றுங்கள்.

உப்பு, சமையல் எண்ணெய், கார் அன்டிஃபிரீஸ் மூன்றையும் சிலர் பரிந்துரைப்பார்கள். எதுவும் வேண்டாம். அன்டிஃபிரீஸில் உள்ள எதிலின் கிளைக்கோல் நஞ்சு. உப்போ துளையின் மேல்தண்ணீரில் கரைந்து, கனத்துக் கீழே இறங்கிவிடும். வீதி உப்பால் ஏற்கெனவே குளோரைட் கூடிக்கொண்டு வருகிற ஏரி சிம்கோ. மீனுக்குத் தீங்கான பொருளைத் தண்ணீரில் சேர்ப்பது கனடா மீன்பிடிச் சட்டத்தின் 36(3) பிரிவின்படி குற்றமும்கூட.

குடிலில் இரவு தங்காமல் அடுத்த நாளும் அதே துளையைப் பாவிக்க நினைத்தால், மூடியைப் போட்டு அதன்மேல் 30 செ.மீ. பனி குவித்துவிட்டுப் போங்கள். காலையில் மெல்லிய கட்டிதான் இருக்கும், அலவாங்கால் நடுவில் குத்தி விளிம்பு நோக்கி உடைக்கலாம். கை ஓகரைப் பழைய துளைக்குள் விட வேண்டாம். சீவும் வகை அலகுக்குத் தட்டையான ஐஸ் தேவை. பாதி மூடிய துளையில் அது கடித்து நின்று உதறும், அலகு முனை போய்விடும். அலவாங்கு இல்லாவிட்டால் பக்கத்தில் புதுத் துளை போடுவதே மேல்.

தடி, றீல், தங்கூசி

தடியின் வளையங்களில் ஐஸ் பிடிப்பது நூல் கொண்டுவருகிற தண்ணீரால். முதலில் நூலைப் பாருங்கள். பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், வெளியில் பத்து நிமிடத்தில் கம்பிபோல் விறைக்கும். அதைச் சூடான குடிலுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாதாரண நைலோன் தங்கூசி பரவாயில்லை, ஃபுளோரோகார்பன் அதைவிட நல்லது, அது தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். பேர்ச்சுக்கு 4 இறாத்தல் இழுவை தாங்கும் நூல் போதும். சுற்றும்போது றீலுக்கு முன்னால் நூலைச் சின்னத் துண்டுத் துணிக்கு நடுவே இரு விரலால் பிடித்துக்கொண்டால் பாதித் தண்ணீர் அங்கேயே வழிந்துவிடும்.

புறப்படும் முன் வீட்டிலேயே ஒவ்வொரு வளையத்திலும் உதட்டுக்குப் பூசுகிற மெழுகைத் தேய்த்துவிடுங்கள். ஐஸ் பிடிக்கும், ஆனால் விரலால் தட்டினால் விழும். கடையில் இதற்கென்றே விற்கிற பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். பிடித்த ஐஸை நகத்தாலும் பல்லாலும் கழற்றுகிற பழக்கத்தில்தான் நுனிகள் முறிகின்றன. தடி நுனியைத் துளைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி அமிழ்த்தி, எடுத்து, ஒரு சுண்டு சுண்டுங்கள். வளையம் பெரிதாக உள்ள தடியை வாங்குவது இந்தத் தொல்லையைத் தொடக்கத்திலேயே குறைக்கும்.

றீல் இறுகினால் குற்றம் பெரும்பாலும் உள்ளே உள்ள கிறீஸில். கோடைக்குப் பூசியது மைனஸ் 15இல் மெழுகாகும். மூடியைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்ககோலால் பழைய கிறீஸைத் துடைத்து, பெரிய பல்சக்கரத்துக்குக் குறைந்த வெப்பநிலைக்கான செயற்கைக் கிறீஸ் மெல்லிய பூச்சு, பேரிங்குக்கு இலேசான எண்ணெய் ஒரு துளி. அவ்வளவே. பின்புறம் சுற்றாமல் தடுக்கிற ஒருவழி பேரிங்குக்குக் கிறீஸ் படவே கூடாது. அதன் உருளைகள் தடித்த மசகில் சிக்கினால் கைப்பிடி திடீரென்று பின்பக்கமாகச் சுழலும், அதுவும் நல்ல மீன் இழுக்கும்போதுதான் சுழலும்.

வெளியே குளிர்ந்த றீலைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் உடனே வியர்க்கும். அதையே திரும்ப வெளியே எடுத்துப் போனால் வியர்வை உறைந்து இறுகும். உள்ளே பாவிப்பது உள்ளேயே, வெளியே பாவிப்பது வெளியேயே இருக்கட்டும்.

டிப்-அப்

டிப்-அப் என்பது துளைமேல் வைத்துவிடுகிற தூண்டில் சட்டம், மீன் இழுத்ததும் கொடி தூக்கும். அதில் நூற்சக்கரம் தண்ணீருக்குக் கீழே இருக்கிற வகையை எடுங்கள். சக்கரம் உறையாது, சுழல்தண்டு கிறீஸ் நிறைந்த குழாய்க்குள் ஓடும். சக்கரம் ஐஸுக்கு மேலே நிற்கிற வகை குளிர் நாளில் நிச்சயம் இறுகும். துளையை முழுதாக மூடுகிற வட்டத் தட்டு வகை இன்னும் நல்லது, மூடியும் தூண்டிலும் ஒன்றாகிவிடுகிறது. எந்த வகையானாலும் கொடியைப் பிடித்து வைக்கிற சின்னக் கம்பிக் கொக்கியில் தண்ணீர் தெறித்திருந்தால் துடைத்துவிட்டே மாட்டுங்கள். ஒரு துளி உறைந்தால் போதும், மீன் இழுத்தும் கொடி எழும்பாது.

மறந்து விட்டு டிப்-அப் ஐஸோடு ஒட்டிக்கொண்டால் ஆட்டி இழுக்க வேண்டாம். சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிவர அலவாங்கால் குத்தி, கடைசி வளையத்தை மட்டும் கையாலும் வெதுவெதுப்பான தண்ணீராலும் எடுங்கள். நூல் நடுவில்தான் இருக்கிறது என்று நினைத்து நடுவில் குத்துகிறவர்கள் நூலை வெட்டுகிறார்கள். மீன் காட்டியின் கேபிளுக்கும் இதே எச்சரிக்கை.

ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடிக்குப் பெரும்பாலான நீர்நிலைகளில் ஒருவருக்கு இரண்டு தூண்டில். இரண்டும் 60 மீற்றருக்குள், எந்நேரமும் மறைப்பின்றிக் கண்ணில் பட வேண்டும். கூடாரத்துக்குள்ளிருந்து பார்க்கிற சாளரம் உறைந்து வெண்மையானால் அந்த விதியும் மீறப்படுகிறது, துளையும் மூடிக்கொள்கிறது.

ஓகரும் பற்றறியும்

துளை போட்டு முடிந்ததும் மின் ஓகரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி ஒருதரம் வேகமாகச் சுழல விடுங்கள், தண்ணீர் சிதறிவிடும். மீதியை றப்பர் சுத்தியலால் திருகின் மேல் தட்டலாம். அலகை ஐஸில் குத்தித் தட்டுவது வேண்டாம். அலகின் வெட்டுக்கோணம் இம்மி மாறினாலும் அடுத்த துளையில் கடிக்காமல் வழுக்கும். அலகில் உறைந்த மெல்லிய படலமும் இதே வேலையைக் காட்டும். புதிய அலகு வழுக்கினால் கூர் போய்விட்டது என்று நினைக்க முன்பு ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தோடு உறை மாட்டினால் உறையும் அலகும் ஒரே கட்டியாகும்.

லித்தியம் பற்றறியைக் குளிரில் பாவிக்கலாம், சக்தி குறையும், அவ்வளவுதான். 0 பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றறி நிரந்தரமாகக் கெடும். ஓகருக்கான உபரிப் பற்றறியைக் குளிர்பெட்டிக்குள், துவாயில் சுற்றி வையுங்கள். கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றைக் கூடப் போட்டால் மூடியைக் கொஞ்சம் திறந்து விட வேண்டும். பொட்டலத்துக்குள் இரும்புத் தூள் துருப்பிடித்துத்தான் சூடு வருகிறது, காற்று இல்லாவிட்டால் அணைந்துவிடும். புழு டப்பா உள் சட்டைப் பையில்.

கூடாரம், ஹீற்றர்

புரோப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான நீராவி வெளிவரும். மூடிய கூடாரத்தில் கூரையில் உறைந்து சொட்டுவதும், தடி நனைவதும், ஸிப் இறுகுவதும் இதனால்தான். காற்றுவாயிலைத் திறந்தால் சூடு போய்விடும் என்று அடைப்பவர்கள் ஈரத்தைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். ஈரம் சிறிய பிரச்சினை. காபன் மொனொக்சைட் உயிரை எடுக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாயில் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மேல் வாயிலை உறைபனி அடைக்கும், கீழ் வாயிலைக் கூடாரப் பாவாடை (ஐஸில் படியும் அடிவிளிம்புத் துணி) மேல் குவித்த பனி அடைக்கும். மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரண்டையும் பாருங்கள். குளிரில் வேலை செய்யும் வகை எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வையுங்கள். தலையிடியோ குமட்டலோ வந்தால் ஹீற்றரை அணைத்துவிட்டு உடனே வெளியே போங்கள்.

வீட்டிலிருக்கிற பியூட்டேன் மேசை அடுப்பைக் கொண்டுபோக வேண்டாம். பியூட்டேன் 0 பாகையை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுக்கும், டின் நிறைந்திருந்தும் சுடர் வராது. புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

கூடாரப் பாவாடையில் காய்ந்த பனியை மட்டும் குவியுங்கள். ஸ்லஷைக் குவித்தால் பின்னேரம் துணியைக் கொத்தித்தான் எடுக்க வேண்டிவரும், கிழியும். ஸிப் பல்லில் மெழுகுதிரி தேய்த்து வையுங்கள், ஹீற்றர் எரிகிறபோதே திறந்து விடுங்கள். பருவம் முழுக்க நிற்கிற மரக் குடிலை நேரே ஐஸில் இறக்காமல் மரக்கட்டைகள் மேல் வைத்து, வாரத்துக்கு ஒருதரம் ஒரு பக்கத்தைத் தூக்கி விடுங்கள். சிம்கோவில் குடில் அகற்றக் கடைசி நாள் மார்ச் 15. பகலில் உருகி இரவில் உறைகிற அந்த நாட்களில்தான் அடி மிகவும் கெட்டியாகப் பிடிக்கும். அந்தந்த ஆண்டு விதிக் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது

ஐஸில் துளை போட்டவர் அதில் யாரும் விழாதபடி காப்பதும், துளை இருப்பதைக் காட்டுவதும் கனடாக் குற்றவியல் சட்டத்தின் 263ஆம் பிரிவின்படி அவரது கடமை. மூடி போட்டுப் பனி மூடிய துளைதான் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் நாளைக்கு வருகிற துளையாக இருந்தாலும் கைவிடுகிற துளையாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு மீற்றர் உயரக் கிளையை ஸ்லஷில் நட்டுவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் உறைந்து நிற்கும். வீட்டுக்கு வந்ததும் றீலின் டிராக்கை (நூல் இழுபடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) தளர்த்தி, ஓகர் உறையைக் கழற்றி, கூடாரத்தைக் கராஜில் விரித்துப் போடுங்கள். பற்றறி அறைச் சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, அதன் பிறகு சார்ஜில் போடலாம்.